பூனைக்கு இன்சுலின்: முதல் சில வாரங்களில் என்ன நடக்கிறது?

வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று கால்நடை மருத்துவர் உறுதிசெய்ததும் அடுத்து அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் இன்சுலின் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும். அதைக் கேட்டதும் நம் வீடுகளில் இரண்டு விதமான எண்ணங்கள் எழுகின்றன. மாத்திரை பலிக்காத கடைசிக் கட்டத்தில்தான் ஊசி வரும் என்று மனிதர்களைப் பார்த்துப் பழகியவர்கள், பூனையின் கதை முடிந்தது என்று மனம் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்தாலோ, "இது நமக்குத் தெரியாததா" என்று அவருடைய மீட்டரையும் மருந்தையும் கணக்கையும் பூனைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கிறார்கள். முதல் எண்ணத்தால் பூனை மீண்டு வரக்கூடிய காலம் வீணாகிறது. இரண்டாவது எண்ணம் பூனையின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது.

புதிதாக நோய் கண்டறியப்பட்ட பூனைக்கு இன்சுலின் தொடங்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது, மருத்துவர் ஏன் அவ்வளவு சிறிய அளவில் தொடங்குகிறார், இரத்தச் சர்க்கரை உயர்ந்தே இருந்தாலும் ஏன் பொறுத்திருக்கச் சொல்கிறார் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. உங்கள் பூனைக்கான அளவை முடிவு செய்ய வேண்டியவர் அதை நேரில் பரிசோதித்த மருத்துவர். இங்கே தரப்படும் எண்கள் அவர் சொல்வதைப் புரிந்துகொள்வதற்காக மட்டுமே.

ஏரி நிறைந்தும் வயல் காய்கிறது

ஓர் ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறது. மதகைத் திறந்தால் வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாயும். மதகு திறக்காவிட்டால் வயல் காய்ந்துகொண்டிருக்க, ஏரி மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஒரு மட்டத்துக்கு மேல் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து வீணாக வெளியேறும்.

பூனையின் இரத்தம் இந்த ஏரி. அதிலுள்ள தண்ணீர் குளுக்கோஸ், அதாவது உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் சர்க்கரை. தசையும் கொழுப்புத் திசுவும் வயல்கள். மதகைத் திறப்பது இன்சுலின். கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் சுரக்கும் இயக்குநீர் அது. சிறுநீரகத்தில் கலங்கலும் இருக்கிறது. பூனையின் இரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 290 மில்லிகிராம் என்ற மட்டத்தைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் போய், சிறுநீரில் வழியத் தொடங்குகிறது.

வீட்டில் நாம் கவனிக்கும் அறிகுறிகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. வழியும் குளுக்கோஸ் தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்வதால் மணல் தட்டில் கட்டிகள் பெரிதாகின்றன, எண்ணிக்கையும் கூடுகிறது. இழந்த நீரை ஈடுகட்டப் பூனை கிண்ணத்தைக் காலி செய்கிறது. வயல் காய்வதால் பசி அடங்குவதில்லை; எவ்வளவு தின்றாலும் உடல் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துத்தான் பிழைக்கிறது. ஆகவே நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலியும் பூனையை, அதுவும் நடுவயதைக் கடந்த பூனையை, தள்ளிப்போடாமல் பரிசோதிக்க வேண்டும். சில பூனைகள் பின்னங்காலில் நுனிவிரல்களால் நடப்பதை விட்டுக் கணுக்கால் தரையில் படும்படி முயலைப் போல நடக்கும். நீடித்த உயர் சர்க்கரை நரம்புகளைப் பாதிப்பதன் விளைவு அது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்லச் சீராவதும் உண்டு.

பூனையின் நோய் எந்த வகை?

நாய்க்கு வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலும் பீட்டா செல்களே அழிந்துவிடுகின்றன. அதற்கு ஆயுள் முழுவதும் இன்சுலின் தேவை. பூனையின் நோய் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை ஒத்தது. அங்கே இரண்டு கோளாறுகள் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது இன்சுலின் எதிர்ப்பு: இன்சுலின் இருந்தும் திசுக்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, மதகு துருப்பிடித்துப்போன நிலை. இரண்டாவது, அந்தத் துருப்பிடித்த மதகை நாள் முழுவதும் இழுத்து இழுத்துப் பீட்டா செல்கள் களைத்துப்போவது.

உடல் பருமன், வயது, வீட்டுக்குள்ளேயே அசையாமல் கிடக்கும் வாழ்க்கை ஆகியவை எதிர்ப்பைக் கூட்டுகின்றன. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம். தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் இதைத் தூண்டக்கூடும். அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், குறிப்பாக ஒரே ஊசியில் பல வாரங்கள் வேலை செய்யும் வகையாக இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பல் ஈறுத் தொற்று, சிறுநீர்த் தொற்று போன்றவையும் இன்சுலினின் வேலையைக் கெடுப்பதால் முதல் பரிசோதனையிலேயே அவற்றைத் தேடுவார்கள்.

இரத்தத்தில் குளுக்கோஸ் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் அந்த உயர்வே பீட்டா செல்களை மேலும் முடக்குகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இதைக் குளுக்கோஸ் நச்சுமை என்பார்கள். தொடக்கத்தில் இந்த முடக்கத்தின் ஒரு பகுதி திரும்பக்கூடியது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்து ஏரியின் மட்டத்தைக் குறைத்தால் களைத்த செல்களில் சில மீண்டும் சுரக்கத் தொடங்கும். பூனைக்கு ஊசியைக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்காமல் முதலிலேயே தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான நோய்ப் பூனைகளின் உடலில் இன்சுலின் சுரப்பு அடியோடு நின்றுவிடவில்லை. அது போதவில்லை, போதாததோடு சரியாகப் பலிக்கவும் இல்லை. ஊசி அந்தக் குறையை நிரப்பிச் செல்களுக்கு ஓய்வு கொடுக்கிறது.

ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யலாமா?

பூனைக்கு அச்சம் வந்தாலே இரத்தச் சர்க்கரை ஏறிவிடும். கூடையில் அடைத்து, வண்டிச் சத்தத்தில் கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் வராந்தாவில் காத்திருந்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள இரத்தம் எடுத்தால், நோயே இல்லாத பூனைக்கும் சர்க்கரை நோயாளியின் அளவு வந்துவிடக்கூடும். ஆகவே மருத்துவர்கள் அறிகுறிகளையும் சிறுநீரில் குளுக்கோஸ் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்; ஐயம் இருந்தால் ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனையைக் கேட்பார்கள். இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் அளவு அது. கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையை அது காட்டும். மருத்துவமனையில் கழிந்த அரை மணி நேர அச்சம் அதை மாற்றாது.

கீட்டோன் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குளுக்கோஸ் கிடைக்காத உடல் கொழுப்பை அளவுக்கு மீறி எரிக்கும்போது உருவாகும் அமிலப் பொருள்கள் கீட்டோன்கள். அவை மிகுந்து, பூனை சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சோர்ந்து படுத்திருந்தால் அது அவசர நிலை. அத்தகைய பூனைக்கு இரத்தநாளம் வழியாக ஏற்றும் திரவத்தோடு மருத்துவமனையில்தான் சிகிச்சை தொடங்க வேண்டும். இனி வருபவை, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் நடமாடும் பூனைக்கு மட்டுமே பொருந்தும்.

எந்த இன்சுலின், எவ்வளவு?

பூனைகளுக்கு மூன்று வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. கிளார்ஜின் என்பது மனிதர்களுக்காக உருவாக்கப்பட்ட, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின். லான்டஸ் என்ற பெயரில் பலர் அறிந்திருப்பார்கள். புரோசிங்க் என்பது விலங்குகளுக்கென்றே விற்கப்படுவது. கேனின்சுலின் பன்றியின் இன்சுலினிலிருந்து ஆனது. ஊரில் எது தடையின்றிக் கிடைக்கிறது என்பதும் தேர்வைத் தீர்மானிக்கும். நடுவில் மருந்து கிடைக்காமல் போவது பெரிய தலைவலி என்பதால், அது அற்பமான காரணம் அல்ல. இங்கே கிளார்ஜினையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கிளார்ஜின் குப்பியில் சற்று அமிலத்தன்மையோடு தெளிந்த நீராக இருக்கும். தோலுக்கடியில் சென்றதும் அங்குள்ள நடுநிலைச் சூழலில் நுண்ணிய படிகங்களாக உறைந்து, அவற்றிலிருந்து மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரும். அதனால் அதை வேறு எதனோடும் கலக்கக் கூடாது, நீர்க்கச் செய்யவும் கூடாது. கலங்கலாகத் தெரிந்தால் எறிந்துவிட வேண்டும். மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை போடப்படும் இம்மருந்து பூனையின் உடலில் அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை; ஆகவே 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடப்படுகிறது.

தொடக்க அளவைப் பூனையின் இலட்சிய எடையை வைத்துக் கணக்கிடுவார்கள். குண்டான பூனையின் தற்போதைய எடையை வைத்து அல்ல. பொதுவாக ஒரு கிலோவுக்குக் கால் முதல் அரை யூனிட் என்ற வரம்புக்குள், நடைமுறையில் ஒரு வேளைக்கு ஒரு யூனிட் அளவில் தொடங்குவார்கள். முதலில் இரண்டு யூனிட்டைத் தாண்டுவது அரிது. யூனிட் என்பது இன்சுலினின் வீரியத்தை அளக்கும் அலகு. 20, 30 யூனிட் போட்டுக்கொள்ளும் மனிதர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு யூனிட் கேலியாகத் தோன்றலாம். நான்கு கிலோ பூனைக்கு அது கேலியான அளவு அல்ல.

கோடு ஒன்று, அளவு வேறு

வீட்டில் நேரும் விபத்துகளில் மிக எளிதாக நேர்வதும் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும் சிரிஞ்ச் குழப்பம். இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் வருகிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்ச். முறையே யு-40, யு-100 என்று அச்சிட்டிருக்கும். இந்தியாவில் இந்தக் குழப்பத்துக்கு இடம் அதிகம். மனிதர்களுக்கான சாதாரண இன்சுலின் குப்பிகள் இங்கே 40 யூனிட் செறிவில் பரவலாக விற்கப்படுவதால் மருந்துக் கடையில் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று மட்டும் கேட்டால் யு-40 கைக்கு வருவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. லான்டஸோ 100 யூனிட் செறிவு கொண்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். யு-40 சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு என்பது 0.025 மில்லிலிட்டர். அதே கோடு வரை லான்டஸை இழுத்தால் உள்ளே ஏறுவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். மருத்துவர் சொன்னதையே நீங்கள் செய்தீர்கள், கோடும் சரி. ஆனால் பூனைக்குப் போனது இரண்டரை மடங்கு. தலைகீழாக நடந்தால், அதாவது 40 யூனிட் செறிவுள்ள மருந்தை யு-100 சிரிஞ்சில் எடுத்தால், தேவையானதில் பாதிகூடப் போய்ச் சேராது. சிவப்பு மூடி யு-40, ஆரஞ்சு மூடி யு-100 என்ற வழக்கம் இருந்தாலும் மூடியின் நிறத்தை நம்பாமல் குப்பியிலும் சிரிஞ்சிலும் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒப்பிட வேண்டும்.

கிளார்ஜினிலேயே 300 யூனிட் செறிவுள்ள டூஜியோ என்ற பேனாவும் உண்டு. மருத்துவர் அதையே எழுதித் தராதவரை லான்டஸுக்கு மாற்றாக அதை வாங்கக் கூடாது. அதிலிருந்து சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சவே கூடாது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாட்டிக்காக இருக்கும் 30/70 கலவை இன்சுலினை "இன்று மட்டும்" என்று பூனைக்குப் போடுவதும் அப்படித்தான். அது இரண்டு வேகங்களில் வேலை செய்யும் வேறொரு மருந்து.

அரை யூனிட் கோடுகள் உள்ள 0.3 மில்லிலிட்டர் யு-100 சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பூனையின் அளவு பெரும்பாலும் அரை அரை யூனிட்டாகத்தான் ஏறி இறங்கும். பெரிய சிரிஞ்சில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே கண்ணால் மதிப்பிடும்போது, மனிதருக்குப் பொருட்டே இல்லாத ஒரு பிழை பூனைக்கு வேளை மருந்தில் கால் பங்காகிவிடும்.

ஊசி போடும் முறை

பயந்தவர்களுக்கு ஓர் ஆறுதல்: இந்தச் சிகிச்சையில் மிக எளிதான பகுதி ஊசி போடுவதுதான். ஊசி மயிரிழையைப் போல மெல்லியது. உணவுக் கிண்ணத்தில் மூக்கை வைத்திருக்கும் பூனை பல நேரங்களில் அதை உணர்வதே இல்லை.

மருந்தை இழுத்தபின் சிரிஞ்சை ஊசி மேல்நோக்கி இருக்கும்படி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு யூனிட் என்பது ஒரு துளியிலும் சிறிய அளவு என்பதால், கடுகளவு காற்றுக்குமிழி இருந்தாலும் மருந்தின் பெரும்பகுதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும். விரலால் சுண்டிக் குமிழியை மேலேற்றி வெளியேற்றிவிட்டு மீண்டும் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். பிறகு விலாப்புறத்திலோ இடுப்பை ஒட்டிய பக்கவாட்டிலோ தோலை இரு விரல்களால் தூக்கினால் சிறு கூடாரம் போல எழும். அதன் அடிப்பகுதியில் ஊசியைச் செலுத்தி, உந்தியை முழுவதும் அழுத்தி, அப்படியே வெளியே எடுக்க வேண்டும். ஊசி மறுபக்கத் தோலைத் துளைத்து வெளியே வந்திருந்தால் மயிர் ஈரமாக இருக்கும், மருந்தின் வாசனையும் தெரியும். ஆகவே போட்டதும் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தாலும் மறுபடி போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில் இரண்டாவது ஊசி போடுவது, ஒரு வேளை தவறுவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. வீட்டில் இருவர் மாறி மாறி ஊசி போடுகிறார்கள் என்றால் ஒரு தாளில் நேரம் எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் அவசியம். "நீ போட்டாயா, நான் போட்டேனா" என்ற நிலை வந்தால் அந்த வேளையை விட்டுவிடுவதே விதி.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறைபெட்டியை ஒட்டி வைத்து ஒரு முறை உறைந்துவிட்டாலும் அது பயனற்றது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படைக்கலாம். குப்பைக் கூடையில் போட்டால் குத்துப்படுவது துப்புரவுப் பணியாளரின் கை.

எண் இறங்கவில்லையே, கூட்டலாமா?

முதல் வாரத்தில் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. மூன்று நாள் ஊசி போட்டாயிற்று, மீட்டர் இன்னும் 350 காட்டுகிறது. அளவு போதவில்லை என்று கை துறுதுறுக்கும். ஆனால் கிளார்ஜின் போன்ற மருந்தின் முழு விளைவு தெரியவே பல நாள்கள் ஆகும். ஒரு வேளை மருந்து தீர்வதற்குள் அடுத்தது சேர்ந்து, தோலுக்கடியில் ஒரு சேமிப்பு உருவாகி, அதன்பிறகே நிலை சீராகிறது. களைத்த பீட்டா செல்களும் திசுக்களின் செவிசாய்ப்பும் மெல்லத்தான் திரும்புகின்றன. இரண்டு நாளுக்கு ஒரு முறை அளவைக் கூட்டிக்கொண்டே போனால், அந்தத் திரும்பல் வந்துசேரும் நாளில் பூனைக்குத் தேவையானதைவிட மிக அதிகமான மருந்து உடலில் இருக்கும். மதகைத் திறக்க நான்கு பேரை அனுப்பிய பிறகு துரு தானாகவே நீங்கியது போல.

ஆகவே பொதுவாக 7 முதல் 14 நாள்கள் வரை ஒரே அளவைத் தொடர்ந்துவிட்டு, பிறகே மருத்துவர்கள் குளுக்கோஸ் வளைகோட்டைக் கேட்பார்கள். காலை ஊசியிலிருந்து 12 மணி நேரத்துக்கு, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து வரையும் கோடு அது. அதில் அவர்கள் முதலில் தேடுவது மிகத் தாழ்ந்த புள்ளியை. அது 80-க்கும் 150-க்கும் இடையே இருந்தால் பெரும்பாலும் அளவு சரி. அதற்கு மேலேயே நின்றால் அரை அல்லது ஒரு யூனிட் கூட்டலாம். 80-க்குக் கீழே போனால் குறைக்க வேண்டும். ஊசிக்கு முன் எடுத்த ஒரே ஓர் எண்ணை வைத்து அளவைக் கூட்டுவது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். அந்த எண் மருந்து தீரும் நேரத்தின் உச்சத்தைச் சொல்கிறது. நடுப்பகலில் பூனை எவ்வளவு தாழ்ந்தது என்பதைச் சொல்வதில்லை.

இந்த அளவீட்டை வீட்டிலேயே எடுப்பது நல்லது; மருத்துவமனை அச்சம் எண்ணைக் கெடுக்காது. காது மடலின் ஓரமாக ஓடும் மெல்லிய இரத்தநாளத்தை வெதுவெதுப்பான துணியால் சூடேற்றி, பின்பக்கம் பஞ்சை வைத்துக்கொண்டு குத்தினால் ஒரு சிறு துளி வரும். அதுவே போதும். மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குளுக்கோஸ் இரத்தச் செல்களுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே பிரிந்திருக்கும் விகிதம் நமக்கும் பூனைக்கும் வேறு என்பதே காரணம். விலங்குகளுக்கான மீட்டர் கிடைக்காவிட்டால் எந்த மீட்டரில் எடுத்தது என்று மருத்துவரிடம் சொல்லி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். தோலில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற உணரிகளையும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். சில பூனைகள் அதைப் பிய்த்தெறியும் என்பது தனிக் கதை.

இதுவரை சொன்னவற்றின் சாரம்: சிறிய அளவு, 12 மணி நேர இடைவெளி, சரியான சிரிஞ்ச், குறைந்தது ஒரு வாரப் பொறுமை. அதன்பின் தாழ்ந்த புள்ளியைப் பார்த்தே அளவு மாறும்.

தாழ்சர்க்கரை

வீடுகளில் "லோ சுகர்" என்று சொல்லப்படும் தாழ்சர்க்கரை, இரத்தக் குளுக்கோஸ் ஏறத்தாழ 60-க்குக் கீழே போகும் நிலை. தசை சில நாள் காய்ந்து கிடந்தாலும் தாங்கும். மூளையால் சில நிமிடங்கள்கூடத் தாங்க முடியாது. இரத்தச் சர்க்கரை சில நாள்கள் 300-இல் இருந்தால் பூனை இன்று சாகப்போவதில்லை, ஒரு பிற்பகல் 30-இல் இருந்தால் செத்துவிடலாம் என்பதை மறக்காதவர்கள் இந்தச் சிகிச்சையில் பெரிய தவறு செய்ய மாட்டார்கள்.

திடீர்ப் பசி, அமைதியின்மை, தள்ளாட்டம், விழித்த பார்வை, நடுக்கம், பிறகு வலிப்பு, மயக்கம் என அறிகுறிகள் வரக்கூடும். எல்லாப் பூனையும் இந்த வரிசையைப் பின்பற்றாது. சில பூனைகள் ஒரு மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் தெரியும். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். தள்ளாடினால் தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பிலோ மயக்கத்திலோ உள்ள பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பற்களுக்கிடையே விரலை வைக்கவும் கூடாது. ஈறில் தடவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பூனை தெளிந்துவிட்டாலும் மருத்துவரை அழைத்தாக வேண்டும். தேனின் பலன் சிறிது நேரம்தான், தோலுக்கடியில் உள்ள இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பூனை காலையில் சாப்பிடவில்லை, அல்லது தின்றதை வாந்தி எடுத்துவிட்டது என்றால், வழக்கமான முழு அளவைப் போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்; நிலையைப் பார்த்து அளவைக் குறைக்கவோ அந்த வேளையை விடவோ சொல்வார். இந்தக் கேள்விக்கான பதிலை இரவு 10 மணிக்குத் தேடாமல், முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தட்டில் என்ன இருக்கிறது?

பூனை கட்டாய ஊனுண்ணி. திடீரென்று வந்து சேரும் மாவுச்சத்தைச் சமாளிக்க நம் கல்லீரலில் இருக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதியின் செயல்பாடு பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மீன் கலந்த சோறும் பாலும் தயிர்ச்சோறுமே பூனை உணவு என்று வழங்கும் வீடுகளில், மருந்தைவிட முதலில் மாற வேண்டியது தட்டுதான் என்று நினைக்கிறேன். கடையில் வாங்கும் உலர் தீனியில் பலவற்றிலும் மாவுச்சத்து கணிசமாக உண்டு; புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த ஈர உணவையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். வீட்டிலேயே கோழியோ மீனோ சமைத்துப் போடுவதானால் டாரின், கால்சியம் போன்ற சத்துகள் விடுபடாதபடி மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனையின் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். நேற்று சரியாக இருந்த அளவு இன்று தாழ்சர்க்கரையைக் கொண்டுவரும். ஆகவே மருத்துவருக்குத் தெரிந்து, அளவீட்டைக் கூட்டிக்கொண்டு, மெல்ல மாற்றுங்கள்; மருந்தளவையும் உணவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். குண்டுப் பூனை மெலிய வேண்டும், ஆனால் பட்டினி கிடக்கக் கூடாது. சில நாள்கள் சாப்பிடாத பருத்த பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கி, அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியும்.

வாய்வழி மருந்து இல்லையா?

இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையையும் 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவத்தையும் பூனைகளுக்கு அனுமதித்தது. இவை மதகைத் தொடுவதில்லை; கலங்கலின் உயரத்தைக் குறைத்து, குளுக்கோஸைச் சிறுநீரில் முன்கூட்டியே வழியவிடுகின்றன. ஏரி மட்டம் இறங்கும். ஆனால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் பூனையின் சொந்த இன்சுலின் ஓரளவாவது இருந்தாக வேண்டும். அது போதாத பூனைகளில் இரத்தச் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன் நஞ்சாகும் ஆபத்து உண்டு. அதனால் ஏற்கெனவே இன்சுலின் போட்டுவந்த பூனைகளுக்கும் கீட்டோன் உள்ளவற்றுக்கும் இவை ஏற்றவை அல்ல. ஊசிக்குப் பயந்து மாத்திரைக்குத் தாவுவதற்கு முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊசி நிற்குமா?

சில பூனைகளுக்கு நிற்கும். இன்சுலின் இல்லாமலேயே குறைந்தது நான்கு வாரங்கள் அறிகுறியின்றி இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தால் அதைத் தணிவு நிலை என்பார்கள். நோய் கண்டறிந்த சில மாதங்களுக்குள் நல்ல கட்டுப்பாடு கிடைத்த பூனைகளுக்கும், ஸ்டீராய்டு போன்ற தூண்டுதல் நீக்கப்பட்டவற்றுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல். அது ஒரு நாளில் அறிவிப்போடு வருவதில்லை. தாழ்ந்த புள்ளி 80-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வரும், மருத்துவர் அரை அரை யூனிட்டாகக் குறைத்துக்கொண்டே வருவார், ஒரு கட்டத்தில் குறைக்க எதுவும் மிஞ்சாது. வாய்ப்புள்ள பூனைக்கு மிக ஆபத்தான காலமும் அதுவே: உடல் மீள்வதை யாரும் அளக்காமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் மீட்சியே தாழ்சர்க்கரையாக முடியும்.

மறுபுறம், அளவு ஏறிக்கொண்டே போயும் கட்டுப்படாத பூனைகளும் உண்டு. அப்போது முதலில் மருந்து கெட்டுவிட்டதா, சிரிஞ்ச் சரியா, ஊசி தோலுக்குள் போகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மறைந்திருக்கும் தொற்றையும், மூளையடிச் சுரப்பியில் வளர்ச்சி இயக்குநீர் மிகைப்படும் அக்ரோமெகலி என்ற நோயையும் தேடுவார்கள். பிரிட்டனில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதித்த சர்க்கரை நோய்ப் பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று கண்டது. அதனால் இது தொலைதூர ஐயம் அல்ல.

தணிவு நிலையை எட்டிய பூனைக்கும் நோய் திரும்பலாம். மாவுச்சத்து குறைந்த உணவு தொடர வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் முன்பு சர்க்கரை நோய் இருந்ததைச் சொல்லி ஸ்டீராய்டைத் தவிர்க்கக் கேட்க வேண்டும். எடையும் இரத்தச் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் மீண்டும் வேகமாகக் காலியானால் காத்திருக்காமல் அளந்து பாருங்கள். இன்சுலின் மறுபடி தேவைப்பட்டால், பழைய குறிப்பேட்டின் கடைசி அளவு என்னவாக இருந்தாலும், அன்றைய அளவீட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லும் சிறிய அளவிலிருந்தே அது தொடங்கும்.